திட்டுக்குப் போக ஒரு நாள்

கடலோரத்து மடம் ஒன்றில் செம்பியம்மை என்றொரு ஞானி இருந்தார். நாற்பது வயதுதான். படகு வலித்து வளர்ந்தவர். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த அம்பலவாணருக்கோ எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர் ஊராகப் போய்க் கல்யாணத்துக்கும் புதுமனை புகுவதற்கும் நாள் குறித்துக் கொடுத்தே வாழ்நாளைக் கழித்தவர்.

மடத்து வாசலில் நின்றால் கடல் நடுவே வெள்ளைக் கீற்றாக ஒரு மணல்திட்டு தெரியும். அம்பலவாணருக்கு அது இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத்தான் தெரிந்தது. அடுத்த கோடைக்குள் பார்வை முழுக்கப் போய்விடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலை அம்பலவாணர் கேட்டார்.

"அம்மா, அந்தத் திட்டுக்குப் போறதுக்கு எது நல்ல நேரம்?"

"நாள் பாக்கறது உங்க தொழில். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். காற்று எப்போது ஓயும், தண்ணீர் எப்போது தெளியும், எந்தத் திதியில் கடல் நன்றாக உள்வாங்கும், மழை எட்டிப் பார்க்காத வாரம் எது என்று வலைக்காரர்களைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசியில் எழுந்து வந்தார்.

"சித்திரை அமாவாசைக்கு மறுநாள் காலை. நீர் வத்துற நேரம். வருஷம் முழுக்கத் தேடினாலும் இதைவிட நல்ல நேரம் கெடைக்காது."

"சரி, போவோம்."

அந்த நாளும் வந்தது. செம்பியம்மையே படகு வலித்தார். கடலில் ஒரு சுருக்கம் இல்லை. அம்பலவாணரின் கண்ணுக்கே அடிமணலின் வரிகள் தெரிந்தன. அவர் சொன்னபடியே எல்லாம் இருந்தது. சின்னப் பிள்ளைபோல் படகு விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

திட்டு கிட்டே வந்ததும் செம்பியம்மை துடுப்பை நிறுத்தினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்பலவாணர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.

கரை ஏறினார். நாலு அடி வைத்தார்.

திட்டு எழுந்தது.

அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. மணல் மொத்தமும் தரையை விட்டுக் கிளம்பி வானத்துக்குப் போயிற்று. பிறகுதான் இரைச்சல் காதை அடைத்தது. ஆலாக்கள்! கடல்மேல் தாழப் பறந்து மீன் பிடிக்கும் அந்த வெள்ளைப் பறவைகள். ஆயிரமோ, பல ஆயிரமோ. வெயிலே மறைந்துபோனது.

"நில்லுங்க!" என்றார் செம்பியம்மை.

தூக்கிய காலை அம்பலவாணர் கீழே வைக்கவில்லை.

"குனிஞ்சு பாருங்க."

குனிந்தார். முதலில் மணல்தான் தெரிந்தது. முகத்தை இன்னும் கீழே கொண்டுபோனார். ஒரு சாண் தூரத்தில், மணல் நிறத்திலேயே, புள்ளி புள்ளியாய் ஒரு முட்டை. அதற்குப் பக்கத்தில் ஒன்று. அதற்கு அப்பால் இரண்டு. திட்டின் உச்சி வரைக்கும் முட்டைகள்.

"மணல் சூடா இருக்குமே..." என்றார்.

"தாய் வந்து நெழல் குடுக்கற வரைக்கும் வெயில்ல வேக வேண்டியதுதான்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ரொம்ப நேரம் தாங்காது."

அம்பலவாணர் எதிரே கிடந்த அந்த வெண்மையை ஒருமுறை பார்த்தார். தூக்கிய காலைப் பின்னால் கொண்டுபோய்த் தன் பழைய சுவட்டிலேயே வைத்தார். அடுத்த காலையும் அப்படியே. பின்பக்கமாகவே நடந்து தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறினார்.

"படகைத் தள்ளிக் கொண்டுபோயிடுங்கம்மா. இன்னும் தள்ளி."

தூரத்தில் நிறுத்தினார்கள்.

இரைச்சல் அடங்கியது. வானம் கொஞ்சம் கொஞ்சமாக மணலில் இறங்கியது. ஒரு பறவையும் இன்னொன்றின் இடத்தில் உட்காரவில்லை. சில நேராகக் கூட்டுக்குப் போகாமல் படகுக்குப் பக்கத்தில் கடலைத் தொட்டன. வயிற்றை நனைத்துக்கொண்டு எழும்பின. சொட்டச் சொட்டப் பறந்துபோய் முட்டைமேல் உட்கார்ந்தன.

"என்ன பண்ணுது?"

"முட்டைக்குக் குளிர்ச்சி."

அம்பலவாணரின் கைகள் தானாகக் குவிந்தன. ஒரு ஆலா தலைக்கு மேலே போனபோது சில துளிகள் நெற்றியில் விழுந்தன. அவர் துடைக்கவில்லை.

செம்பியம்மையின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஆயுசு பூரா நாள் பாத்தவன். ஒருத்தருக்கும் தப்பாச் சொன்னதில்ல. இதுல எங்கேம்மா தப்புப் பண்ணினேன்?"

செம்பியம்மை துடுப்பை எடுத்தார்.

"தப்பே இல்லையே. அதுகளும் இதே கணக்கத்தான போட்டிருக்கு."