எண்ணப்படாத இரண்டு வருஷம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெடுங்கானல் நாட்டை விசயதுங்கன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு மனசு, சாப்பிட்டு எழுந்தால் வேறு மனசு. அவனுக்கு ஏகாம்பரர் என்றொரு மந்திரி இருந்தார். அவரைக் கண்டாலே ஆகாதவன் கோட்டைத் தலைவன் வீரபாகு. சிறைச்சாலை முழுக்க அவன் பொறுப்பு.

ஒரு திருவிழா ஊர்வலத்தில் யாரோ வெடி போட, பட்டத்து யானை மிரண்டு உடம்பை உதறியது. மேலே உட்கார்ந்திருந்த ராஜாவின் கிரீடம் சேற்றில் விழுந்தது. கூட்டத்தில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். ராஜாவின் முகம் போன போக்கைப் பார்த்த வீரபாகு, பாகன் மாசாணனை அங்கேயே பிடித்துக் காலில் விலங்கு மாட்டினான். மாசாணனை வேலைக்குச் சேர்த்தவர் மந்திரி. வீரபாகுவுக்கு அது ஒன்றே போதுமாயிருந்தது.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கு ராஜா வேட்டைக்குப் போய்விட்டான். மறுபடி குறித்தபோது சேவல் சண்டை. அதற்கப்புறம் பல்வலி. மந்திரி போய் நினைவுபடுத்தும்போதெல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம் என்பான். இப்படியே இரண்டு வருஷம் ஓடிப்போனது.

ஒருவழியாக விசாரணை நாள் வந்தது. மாசாணனை இரண்டு காவலர்கள் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். விலங்கு உரசி உரசிக் கணுக்காலில் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. சபையின் ஓரத்தில் அவன் மனைவி செல்லாயி நின்றிருந்தாள். முந்தின நாள் அவள் மந்திரியின் வீட்டு வாசலுக்கு வந்து, "இன்னும் ரெண்டு மாசம் உள்ள கிடந்தா ஆளே தங்கமாட்டாருன்னு வைத்தியர் சொல்லிட்டாருங்க" என்று அழாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ராஜா வழக்கைக் கேட்டான். வெடிச் சத்தம் வருமென்று தெரிந்தும் யானையைத் தள்ளி நிறுத்தாதது தன் பிசகுதான் என்று மாசாணன் ஒத்துக்கொண்டான். "இரண்டு வருஷம் சிறை" என்றான் ராஜா. மாசாணன் கையெடுத்துக் கும்பிட்டான். புருஷனைக் கூட்டிப்போகச் செல்லாயி ரெண்டு எட்டு முன்னால் வந்தாள்.

வீரபாகு குறுக்கே கை நீட்டினான். "மகாராஜா, தண்டனை தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்துதான் தொடங்கும். இதுவரை இவன் இருந்தது வெறும் காத்திருப்பு. அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?"

ராஜாவுக்குப் பசி வேளை. சரி, இன்றிலிருந்தே எண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு எழப் போனான். செல்லாயி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மந்திரி எழுந்து, ஒரு கேள்விக்கு இடம் வேண்டும் என்றார். ராஜாவுக்குக் கோபம் வந்தது. "உம்முடைய ஆள் என்பதால் பேசுகிறீரா? பேச்சு நிற்கவில்லையென்றால் நீரும் இவனோடு உள்ளே போவீர்."

"போகிறேன், மகாராஜா" என்ற மந்திரி, வீரபாகுவின் பக்கம் திரும்பினார். இந்த இரண்டு வருஷமும் தண்டனை இல்லையா, யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

"யோசிக்க என்ன இருக்கிறது? தீர்ப்பே இல்லாதபோது தண்டனை எங்கிருந்து வரும்? இன்று காலைவரை இவன் குற்றவாளியே இல்லை."

"உங்களையும் என்னையும் போல ஒரு குடிமகன்?"

"ஆமாம்" என்று அழுத்திச் சொன்னான் வீரபாகு.

மந்திரி ராஜாவைப் பார்த்தார். "குற்றவாளி இல்லாத ஒருவனுக்கு விலங்கு மாட்டி இரண்டு வருஷம் அடைத்து வைத்தால் நம் சட்டம் என்ன சொல்கிறது, மகாராஜா?"

ராஜா யோசிக்கவே இல்லை. "அடைத்தவன் அதே விலங்கோடு அதே காலம் கிடக்கவேண்டும்."

"அப்படியானால் இன்னொரு விலங்கு கொண்டுவரச் சொல்லவேண்டும்" என்றார் மந்திரி.

வீரபாகுவுக்கு வேர்த்துக் கொட்டியது. "நான் பிடித்தது விசாரணைக்காக. ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டது நான் இல்லையே" என்று வாய்தவறிச் சொன்னவன், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சபையில் ஒருவரும் தலை நிமிரவில்லை. தள்ளிப்போட்டது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ராஜாவின் கை வாளுக்குப் போனது. பேச்சு அதுவரை போகும் என்று மந்திரியும் நினைக்கவில்லை. ஆனாலும் பின்வாங்கவில்லை.

"அந்த இரண்டு வருஷமும் தண்டனைதான் என்றால், மாசாணன் அதை முடித்துவிட்டான், மகாராஜா. இந்தச் சபையில் வேறு யாரும் எதற்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. தண்டனை இல்லை என்றால், யார் யார் உள்ளே போகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தாங்கள்தான் சொல்லவேண்டும்."

ராஜா படியிறங்கி வந்தான். மந்திரியைத் தாண்டி மாசாணன் முன்னால் போய் நின்றான். அந்தக் காலைப் பார்த்தான். சீழ் நாற்றம் முகத்தில் அடித்தது. வாளிலிருந்து கை மெல்ல விலகியது.

"முடிந்துவிட்டது. இவன் வீட்டுக்குப் போகட்டும்" என்றான். பிறகு வீரபாகுவைப் பார்த்து, குனிந்து உன் கையாலேயே விலங்கைக் கழற்று என்றான். சபை முழுக்கப் பார்த்திருக்க, வீரபாகு பாகனின் காலடியில் மண்டியிட்டு, துருப்பிடித்த பூட்டோடு ரொம்ப நேரம் போராடினான். செல்லாயி வந்து புருஷனின் தோளுக்கு முட்டுக் கொடுத்து நடத்திக்கொண்டு போனாள்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டான். விசாரணைக்குக் காத்துக்கிடப்பவர்கள் இன்னும் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் மந்திரி சொன்னார்.

ராஜா சாப்பிடப் போகவில்லை. நேராகச் சிறைக்குப் போய் வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொருவராக விசாரித்தான். அடைத்த நாளிலிருந்தே எண்ணச் சொன்னான். பாதிப் பேர் அப்போதே வெளியே போனார்கள். கடைசியாக ஒரு கிழவன் வந்தான். நீ என்ன குற்றம் செய்தாய் என்று ராஜா கேட்டான்.

கிழவன் வெகுநேரம் யோசித்தான். "எனக்கு மறந்துபோச்சு, சாமி. உங்க ஓலையில எழுதியிருக்குமே."

வீரபாகு ஓலைக்கட்டுகளை எல்லாம் அவிழ்த்துக் கொட்டித் தேடினான். அப்படி ஒரு ஓலையே இல்லை. ராஜா எழுந்து போய், வெளிக்கதவைத் தானே தள்ளித் திறந்து, கிழவன் தாண்டிப் போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றான்.