கோணி போர்த்திய சிக்னல்

ஆம்புலன்ஸ் வந்தால் தானாகவே வழிவிடும் புது சிக்னல், நாற்சந்தியில் இரண்டு வருஷமாகக் கோணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. "மற்ற துறைகள் கையெழுத்துப் போடட்டும், அப்புறம் நான் போடுகிறேன்" என்று கோப்பைத் திருப்பித் திருப்பி அனுப்பியவர் நகராட்சி ஆணையர் அனந்தநாயகம். வெயிலில் நின்று கைகாட்டியவள் ஊர்க்காவல் படை செங்கமலம்.

ஒருநாள் ஆணையரின் காரே நெரிசலில் மாட்டியது.

"அமைச்சர் கூட்டம்! உடனே வழிவிடும்மா!"

"இந்தப் பாதி ரோடு நெடுஞ்சாலைத்துறை, அந்தப் பாதி நகராட்சி. ரெண்டு பேரும் எழுதிக் கொடுத்தா விடறேன் ஐயா."

அந்நேரம் குறுக்குச் சாலையில் ஆம்புலன்ஸ் அலறியது. செங்கமலம் கையை உயர்த்தி எல்லா வண்டிகளையும் நிறுத்தி அதை அனுப்பிவைத்தாள்.

ஆணையர் சீறினார். "அதுக்கு மட்டும் யார் கையெழுத்துப் போட்டா?"

"யாரும் போடலைங்க. அந்த சிக்னல் கம்பமும் யாரையும் கேக்காதுங்க. அதனாலதானே மூடி வச்சிருக்கீங்க?"

ஆணையர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.