சிவப்பு விளக்கும் இன்ஸ்பெக்டர் கையும்

மணிக்கூண்டு ஸ்டாண்டில் முப்பது வருஷமாக ஆட்டோ ஓட்டும் வைரவனுக்கு இருதயராஜைக் கண்டாலே வயிறு எரியும். போன வருஷம் வந்த பயல். அதற்குள் ஸ்டாண்டே அவன் பேச்சுக்குச் சிரித்தது.

அன்று காலை அவன் லைசென்ஸை இன்ஸ்பெக்டர் பிடுங்கியபோது, வைரவனுக்குக் காபி குடித்த மாதிரி இருந்தது.

"சிவப்புல எப்படிடா போனே?"

"சந்தியில நின்ன போலீஸ்காரர் கை காட்டினார் ஐயா. விளக்கைவிட அவர் கைதானே பெரிசு?"

"எனக்கே சட்டமா? எவன் கை காட்டினாலும் சிவப்புன்னா நிக்கணும்! இன்னொரு தடவை மீறினா லைசென்ஸே ரத்து." லைசென்ஸுக்குப் பதிலாக ஒரு தற்காலிகச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, லைசென்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் மந்திரி வருகிறார் என்று இன்ஸ்பெக்டரே சந்தியில் நின்று, சிவப்பிலேயே வண்டிகளைப் போகச் சொல்லிக் கை வீசினார். முன்னால் நின்ற இருதயராஜ் இன்ஜினை அணைத்தான். பின்னால் வைரவன் ஆட்டோ, அதற்குப் பின்னால் நாலு பஸ். ஒரே ஹாரன் சத்தம்.

"எடுடா வண்டியை! நான் கை காட்டுறது தெரியல?"

"நல்லாத் தெரியுது ஐயா. எவன் கை காட்டினாலும் நிக்கணும்னு காலையில ஒரு பெரிய அதிகாரி உத்தரவு போட்டார். என் லைசென்ஸ் அவர் பையிலதான் இருக்கு."

பஸ் ஜன்னலெல்லாம் சிரித்தது. தூரத்தில் மந்திரி காரின் சைரன் கேட்டது. இன்ஸ்பெக்டர் லைசென்ஸை எடுத்து அவன் மடியில் எறிந்தார்.

"கைதான்டா பெரிசு! போய்த் தொலை!"

இருதயராஜ் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

வைரவன் வண்டியில் இருந்த அம்மாள் முன்னால் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, அந்தத் தம்பி எந்த ஸ்டாண்டு?"

"அவன் வெளியூரும்மா," என்றார் வைரவன்.