தாசில்தார் கொடுத்த குரல்

நான்கு பேர் தோளில் ஏறிப் படுத்துக்கொண்டு, அவர்கள் சத்தத்தால் தன் தூக்கம் கெடுகிறது என்று சொல்லவும் ஒருவருக்கு வாய் வந்தது. வெள்ளைக்காரன் காலத்துத் தாசில்தார் அனந்தசயனம்தான் அவர்.

பல்லக்கின் முன்கொம்பைத் தூக்கும் வீரணன் "கல்லு", "பள்ளம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவான். பின்னால் தூக்குகிறவர்களுக்குப் பல்லக்கு மறைத்துவிடும். அந்தக் குரலை நம்பித்தான் கால் வைப்பார்கள்.

"ஊர் சேரும்வரை எவனும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பத்துச் சவுக்கடி. பல்லக்கு குலுங்கினாலும் பத்து," என்றார் தாசில்தார்.

"உத்தரவு எசமான்," என்றான் வீரணன். "திரையை விலக்கினா ஐயாவுக்கே பாதை தெரியும். ஐயா வாய்க்குத் தடையில்லையே."

நாலடி போவதற்குள் பின்னால் ஒருவன் கல்லில் இடறினான். பல்லக்கு சாய்ந்தது. தாசில்தாரின் தலைப்பாகை சேற்றில் விழுந்தது. எதிரே வாய்க்கால் வரப்பு, இரண்டு பக்கமும் தண்ணீர். நான்கு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு அதில் கால் வைத்தார்கள்.

"இடப்பக்கம் வழுக்கல்!" என்று திரையை விலக்கி அலறினார் தாசில்தார். அதற்குப் பிறகு அவர் வாய் ஓயவில்லை.

ஊர் எல்லையில் மாலையோடு ஊராரும், சவுக்கோடு சேவகனும் காத்திருந்தார்கள். "சாணி, சாணி, வலப்பக்கம் ஒதுங்கு" என்று கூவிக்கொண்டே தாசில்தார் வந்து இறங்கினார்.

"யாரப்பா குரல் கொடுத்தது?" என்றார் மணியக்காரர்.

"புதுசா சேர்ந்தவருங்க," என்றான் வீரணன். "குரல் நல்லா வருது. தோள் கொடுக்கத்தான் இன்னும் பழகலை."

ஊரே சிரித்தது. சவுக்கடி கொடுக்கச் சொன்னால் எதற்கென்றும் ஊரார் முன்னால் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், தாசில்தார் சேவகன் பக்கம் திரும்பவேயில்லை.