வலைக்குள் வான்கோழி

சங்குத்தீவு மிகச் சிறிய நாடு. பறவைக் காய்ச்சல் இன்னும் அங்கே வரவில்லை. ஆனாலும் கால்நடைத்துறை இயக்குநர் அந்தோணிராசர் ஊரைக் கூட்டி, "கடல்பறவைகள் நோயைக் கொண்டுவரும். நாளைக்குள் எல்லாக் கோழிகளையும் கொன்றுவிடுங்கள்!" என்று உத்தரவு போட்டார்.

அவர் பங்களாவில் வேலை செய்யும் பிரகாசி எழுந்தாள். சம்பளம் போதாமல், வீட்டில் வளர்க்கும் கோழிகளின் முட்டையை விற்றுத்தான் அவள் பிழைப்பு ஓடியது.

"சரிங்கய்யா. முதல்ல உங்க வான்கோழிகளைக் கொன்னுடட்டுமா?"

"முட்டாளே! அதுங்க மேலே கூரை, சுத்தி வலை. கடல்பறவை கிட்டவே வராது. அதுங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லை!"

பிரகாசி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டீங்களா? கூரையும் வலையும் இருந்தா ஆபத்து இல்லைன்னு ஐயாவே சொல்லிட்டார்!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. இயக்குநர் வேறு வழியின்றி உத்தரவை மாற்றினார். மீனவர்கள் வலையும் தார்ப்பாயும் கொண்டு ஓடிவந்தார்கள். தன் கோழிக்கூட்டின் மேல் வலையின் கடைசி முடிச்சை இறுக்கிய பிறகுதான் பிரகாசிக்கு மூச்சே வந்தது.