மரகத முயலும் மலைநாட்டு ஸ்ட்ராபெரியும்

அல்லிக்குளத்தங்கரைக் காட்டில் மரகதம் என்ற முயல், கணவன் சிங்காரத்தோடும் நான்கு குட்டிகளோடும் குடியிருந்தாள். மரகதத்துக்குக் காது நீளம். காட்டில் யார் என்ன சொன்னாலும் உள்ளே போய்விடும். போனதைச் சலித்துப் பார்க்கிற வழக்கம் மட்டும் அவளுக்கு இல்லை.

அந்த வருஷம் ஆடியில் அவளுக்கு யோகம் அடித்தது. குளத்தை ஒட்டிய வண்டல் நிலத்தில் ஒரு துண்டு அவள் பங்குக்கு வந்தது. குளத்துக்கு அதிகாரி தாட்சாயணி என்ற யானை. அவள் துதிக்கையால் எல்லைக் கோடு கிழித்துவிட்டுச் சொன்னாள்:

"மரகதம், வழக்கம் தெரியுமில்ல? இந்த மண்ணுல விளைஞ்சதை வெச்சு, தை மாசம் குளத்தங்கரைக்கே ஒரு வேளை விருந்து போடணும். எல்லார் இலையும் நிறைஞ்சா நிலம் உனக்கு. நிறையலைன்னா, அடுத்து கேட்டிருக்கிறவனுக்கு!"

அடுத்துக் கேட்டிருந்தவன் தணிகாசலம் என்ற நரி. குளத்து நண்டுகளின் மேல் அவனுக்கு நெடுநாள் கண். பக்கத்திலேயே ஒரு வளை தோண்டிக்கொண்டால் எவ்வளவு வசதி!

"எனக்கு அவசரமே இல்லைங்க அக்கா. நிதானமா தோத்துப் போங்க!" என்று பல்லைக் காட்டினான்.

போன கோடையில் மரகதம் குடும்பத்தோடு இருந்தது பாறைமேட்டில். காய்ந்த புல்லைத் தின்று குட்டிகள் நாலும் விலா எலும்பு தெரிய இளைத்துக் கிடந்தன. இந்த நிலம் கைவிட்டுப் போனால் மறுபடியும் பாறைமேடுதான்.

"வெண்டை போடலாம். அவரை போடலாம். ஓரமா ஒரு பூசணி. தோட்டம் நமக்குப் புதுசு, தானா வர்றதா பார்த்துப் போடுவோம்," என்றான் சிங்காரம்.

மரகதம் தலையாட்டியிருப்பாள். அந்த நேரம் பார்த்துக் கிளாரா பறந்து வந்து உட்கார்ந்தாள்.

கிளாரா ஒரு மைனா. மலையில் இருக்கும் தங்கை வீட்டில் ஒரு மாசம் தங்கிவிட்டு வந்திருந்தாள். வந்ததிலிருந்து, "உஸ்ஸ்... எப்படித்தான் இந்தச் சூட்டுல இருக்கீங்களோ!" என்று இறக்கையால் விசிறிக்கொண்டே இருந்தாள். அவள் முட்டையிலிருந்து வெளியே வந்ததே இந்தச் சூட்டில்தான்.

"வெண்டைக்காயா! ஐயோ மரகதம், சொந்தமா நிலம் கிடைச்சு யாராவது வெண்டைக்காய் போடுவாங்களா? மலையில எல்லாம் ஸ்ட்ராபெரிதான். அப்புறம் புரோக்கோலி. வாசல்ல ஒரு ஆப்பிள் செடி. என் தங்கை வீட்டுக்கு வர்றவங்க அதைப் பார்த்துட்டு அப்படியே நின்னுடுவாங்க!"

"தங்கச்சி வீட்டுல அதைச் சாப்பிடுறாங்களா?" என்று கேட்டான் சிங்காரம்.

"சாப்பிடறதா! அதெல்லாம் பார்க்கறதுக்குங்க!"

அங்கேயே மரகதம் எழுந்து போயிருக்க வேண்டும். எங்கே போனாள்! அவள் காது இரண்டும் விறைத்து நின்றன. தை விருந்தில் ஒவ்வொரு இலையிலும் சிவப்புச் சிவப்பாகப் பழம்! தாட்சாயணி வாயைப் பிளப்பாள், தணிகாசலம் வயிறெரிவான், காடு முழுக்க அவள் பேச்சாகவே இருக்கும்.

"நாத்து கிடைக்குமா கிளாரா?"

"உனக்கு இல்லாமலா!"

மறுநாளே வேலை தொடங்கியது. அந்த மண்ணில் பொன்னாங்கண்ணியும் பசலையும் தானாகவே மண்டிக் கிடந்தன. மரகதம் அவற்றை வேரோடு பிடுங்கி எறிந்தாள்.

"அம்மா, அது நாங்க திங்கிறது!" என்று கத்தின குட்டிகள்.

"எப்பப் பார்த்தாலும் தீனி! ஸ்ட்ராபெரி வரும், சும்மா இருங்க!"

பிடுங்கிய கீரையை எல்லாம் சிங்காரம் நிலத்து மூலையில் இருந்த குப்பைக் குழியில் கொட்டினான். அழுகின தக்காளி, பூசணிக் குடல், காய்த்தோல் என்று சமையல் கழிவும் அங்கேதான் போனது. அதுவும் மரகதத்துக்குப் பொறுக்கவில்லை. "கிளாரா வந்துபோற இடம். குப்பை தெரியுது பாருங்க, மறைங்க!" என்றாள். அவன் ஒரு ஓலைத்தட்டியைக் கட்டிக் குழியை மறைத்தான். பிறகு அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை.

கிளாரா வரவழைத்துக் கொடுத்த ஸ்ட்ராபெரி நாற்று வெயிலைப் பார்த்த உடனே ஓரம் கருகியது. மரகதம் பகலெல்லாம் காதை விரித்துக் குடைபிடித்து அதன் பக்கத்தில் குந்தியிருந்தாள். வேறெந்த வேலையும் ஓடவில்லை. பிள்ளை பெற்றபோதுகூட அவள் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை.

புரோக்கோலியில் பச்சைப் புழு குடியேறியது. கிளாரா தினமும் காலையில் வந்து, ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்து, வயிறு நிறையப் புழு தின்பாள். பிறகு அலகைத் துடைத்துக்கொண்டு, "பிரமாதமா வருது மரகதம்! இன்னும் நாலு பாத்தி போடேன்!" என்பாள்.

"இந்த ஆப்பிள் எப்ப காய்க்கும் கிளாரா?"

"நல்லா குளிர் விழுந்தா அஞ்சாறு வருஷத்துல."

"இங்க குளிரே விழாதே!"

"அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?"

ஒன்று மட்டும் மரகதத்துக்குப் புரியவில்லை. குட்டிகள் இளைக்கவில்லை. மாறாக, கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. வாயோரம் எப்போதும் பச்சையாக இருந்தது. "எங்க போய்ட்டு வர்றீங்க?" என்று கேட்டால், "விளையாட!" என்று ஓடிவிடும். ஸ்ட்ராபெரிக் காற்று பட்டுத்தான் குட்டிகள் தேறுகின்றன என்று மரகதம் முடிவுகட்டினாள். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அப்படித்தான் நினைத்தாள்.

ஐப்பசி மழை வந்தது. புரோக்கோலியில் புழு தின்றது போகக் காம்புதான் நின்றது. வெயிலில் கருகாமல் மிஞ்சிய ஸ்ட்ராபெரிச் செடிகள் ஈரத்தில் அழுகின. தப்பிய ஒரே செடியில் மார்கழிக் கடைசியில் ஒரே ஒரு பழம் பழுத்தது. அதிலும் ஒரு பக்கத்தை நத்தை ருசி பார்த்திருந்தது.

தை பிறந்தது. விருந்துக்கு முதல் நாள் தணிகாசலம் வந்து வாலால் நிலத்தை அளந்தான்.

"அக்கா, அந்தப் பழத்தை எத்தனை துண்டா நறுக்கப் போறீங்க? எனக்கு நத்தை கடிக்காத பக்கமா பார்த்து வைங்க!"

அவன் தலை மறைந்ததும் மரகதத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும். பாறைமேடும் அந்த விலா எலும்புகளும் கண்முன் வந்து நின்றன. அழுகின செடிகளை வாரி எடுத்தாள். குப்பைக் குழியை நோக்கிப் போனாள். ஓலைத்தட்டியை ஓங்கி ஓர் உதை விட்டாள்.

தட்டி விழவில்லை. எப்படி விழும்? பின்னால் பூசணிக் கொடி அதை வளைத்துப் பிடித்திருந்தது.

மரகதம் எட்டிப் பார்த்தாள். குடம் குடமாகப் பூசணி! செடி தாங்காமல் தக்காளி! அவள் பிடுங்கி எறிந்த பொன்னாங்கண்ணியும் பசலையும் குப்பையிலேயே வேர்விட்டு, அவள் உயரத்துக்கு நின்றன. நடுவில் நான்கு குட்டிகள், வாய் நிறையக் கீரையோடு.

"அம்மா! நீயும் விளையாட வந்தியா?"

சிங்காரம் பின்னால் வந்து தலையைச் சொறிந்தான். "சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா இதையும் பிடுங்கிட்டு வேற ஏதாவது மலைச்செடி வெச்சிருப்பே."

"வெச்சுத்தான் இருப்பேன்," என்று மரகதம் ஒத்துக்கொண்டாள். அவர்கள் கல்யாண வாழ்க்கையில் இது முதல் தடவை.

மறுநாள் குளத்தங்கரையில் பந்தி விரிந்தது. பூசணிக் கூட்டு, கீரை மசியல், தக்காளிப் பச்சடி. கிளாராவின் இலையில் மட்டும் மரகதம் அந்த ஒற்றை ஸ்ட்ராபெரியை வைத்தாள்.

"உனக்குன்னே எடுத்து வெச்சேன்."

"எனக்கும் கொஞ்சம் கூட்டு..."

"கூட்டு சாப்பிடறதுக்கும்மா. உனக்குப் பார்க்கறதுக்குத்தானே வேணும்? பாரு!"

பந்தியே சிரித்தது. கிளாராவைச் சற்று நேரம் பார்க்கவிட்டு, பிறகு அவளுக்கும் கூட்டை அள்ளி வைத்தாள். எல்லார் இலையும் நிறைய வேண்டுமே!

மூன்றாம் முறை கூட்டு வாங்கி வழித்துத் தின்றபின் தணிகாசலம் துள்ளி எழுந்தான். "இது செல்லாது! இதை இவங்க நடவே இல்லை. குப்பையில தானா முளைச்சது!"

தாட்சாயணி துதிக்கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்த மண்ணுல விளைஞ்சதுன்னுதான் சொன்னேன். குப்பைக் குழி நான் கிழிச்ச கோட்டுக்கு உள்ளேதானே இருக்கு? யார் நட்டதுன்னு நான் கேட்கவே இல்லை. நீயும் கூட்டு வாங்கும்போது கேட்கலை. உட்காரு!"

நிலம் மரகதத்துக்கே நிலைத்தது.

அடுத்த ஆடியில் பக்கத்துத் துண்டு ஒரு முள்ளெலித் தம்பதிக்குக் கிடைத்தது. கிளாரா அங்கேயும் போய் உட்கார்ந்துவிட்டாள். "இப்ப மலையில எல்லாம் குப்பைத் தோட்டம்தான்! ஆனா உங்க வீட்டுக் குப்பை சரிப்படாது. மலைக் குப்பையா இருக்கணும். என் தங்கைகிட்ட சொல்லி வரவழைக்கிறேன்!"

முள்ளெலிப் பெண் குழம்பிப் போய் மரகதத்திடம் ஓடி வந்தாள். "அக்கா, நான் என்னதான் நடட்டும்?"

மரகதம் அவரைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்த ஆப்பிள் செடி இன்னும் குளிருக்காகக் காத்து நின்றது. சிங்காரம் அதன்மேல் பாகல் கொடியை ஏற்றிவிட்டிருந்தான்.

"உன் பிள்ளைங்க எதுக்கு அடிச்சுக்கிறாங்க?"

"வெள்ளரிப் பிஞ்சுக்கு."

"இங்க வந்து நிக்கிற நேரத்துக்கு நாலு விதை ஊன்றியிருக்கலாம். போ, போ!"

ஊரார் வாய் பிளக்க வேண்டும் என்று தோட்டம் போடுகிறவர் கடைசியில் அவர்கள் சிரிப்பைத்தான் அறுவடை செய்வார். தன் வீட்டு வாய் கேட்பதையும் தன் மண் கொடுப்பதையும் நடுகிறவர் இலைதான் நிறையும்.