பேராசிரியர் கண்ணாடியைத் துடைக்கும் இடம்

அன்று பொருளியல் வகுப்பில் இருந்தவர்கள்: மாணவர் முப்பத்தொன்பது, பேராசிரியர் சிதம்பரதாணு, வகுப்பைப் பார்வையிட வந்த கல்லூரி முதல்வர் அம்மா, கதவருகே மணி அடிக்கும் நான். ஆக நாற்பத்திரண்டு பேர்.

பவதாரணி எழுந்து நின்றாள். கேள்வி கேட்டாள் என்று பேராசிரியர் அவளை ஏழு நாள் வெளியே நிறுத்தியிருந்தார். வருகை குறைந்துவிட்டது, அவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது.

"கேட்டு எழுதுறதுதான் மாணவர் வேலை. விட்டுப்போன ஏழு பாடத்தையும் ஒப்பிச்சுக் காட்டு, கையெழுத்துப் போடுறேன்" என்றார் பேராசிரியர்.

"இன்னிக்கு நடத்தப்போறதையே சொல்லட்டுமா சார்?"

"நடத்தாத பாடத்தையா? அதை மட்டும் சொல்லு, போதும்."

முதல்வர் பேராசிரியருடைய பாடக் குறிப்பேட்டை வாங்கிப் பிரித்துக்கொண்டார். பவதாரணி நிறுத்தாமல் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை.

"இந்த இடத்துல சார் கண்ணாடியைத் துடைப்பாங்க. அடுத்து வெங்காய வியாபாரி கதை. நாங்க சிரிக்கணும்."

பேராசிரியரின் கை அப்போது கண்ணாடியில்தான் இருந்தது. கதை வருவதற்குள் வகுப்பு சிரித்துவிட்டது.

"யார் சொல்லிக் கொடுத்தா?"

"எங்கம்மா நோட்டு சார். இருபத்தாறு வருசம் முன்னால உங்க வகுப்புல எழுதினது. கண்ணாடியையும் ஓரத்துல குறிச்சிருக்காங்க."

"அப்போ நீ எதுக்கு வகுப்புக்கு வர்றே?" என்றார் முதல்வர்.

"நோட்டுல இல்லாததைக் கேக்க, மேடம்."

பேராசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டார். குறிப்பேட்டை மேசைக்குள் தள்ளி, "சரி, கேளு" என்றார்.

அவள் கேட்டாள். பின்வரிசையில் இன்னொருவன் கேட்டான். நான் சாப்பாட்டு மணியை அடித்தேன். எழுந்து போன மாணவர் நால்வர். மீதி முப்பத்தைந்து.